மில்லுக்கு முதுகு காட்டிய கம்பி

அன்பு மகனுக்கு,

நீ சித்திரையில் எழுதிக் கேட்ட கேள்விக்கு இப்போது கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். கல்யாணம் ஆனதும் பினாங்கில் உனக்குத் தனி வீடு தரப்போகிறார்கள், வீட்டுக்குப் பின்னால் சரிவாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது, நம் ஊரைக் கேட்பதற்கு அங்கே எந்த மாதிரி ஏரியல் போடலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போட்டேன். கேட்பதற்கென்று தனி ஏரியல் தேடுகிறவன் பேசத் தெரியாதவன், உயரமாகக் கம்பத்தை நடு, மற்றது தானே வரும் என்று. கல்யாணத்தைப் பற்றி அந்தக் கார்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பையனுக்கு நறுக்கென்று பதில் சொல்லிவிட்டோம் என்று திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டேன். இன்று அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. நீ ஏரியலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை, கல்யாணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேனா என்றுதான் பார்த்திருக்கிறாய். இது உன் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய இத்தனை மாதம் ஆயிற்று.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. உன் மாமனார், மாமியார், நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படிக்க வேண்டும். நான் அவர்களை அவமானப்படுத்தியது ஊர் கேட்க நடந்தது. அதற்கு வெட்கப்படுவதையும் வீட்டுக்குள் ஒளித்து வைத்துச் செய்தால் நியாயமில்லை. அவர்களுக்கு ரேடியோ விஷயம் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

சர்க்கார் நடத்தும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலேயே சிறிய டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, அதே மாதிரி லைசென்ஸ் வாங்கிய மற்றவர்களோடு பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, வெறும் பொழுதுபோக்கு. ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொல்லிச் சுவிட்சை எடுத்த பிறகுதான் மற்றவர் பேசுவது அவருக்குக் கேட்கும், ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கும்வரை அவருடைய ரிசீவர் செவிடாகக் கிடக்கும். இன்னொன்றும் உண்டு. நாம் பேசுவது நாம் கூப்பிட்ட ஆளுக்கு மட்டும் போகாது. ரிசீவரில் அதே இடத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். உலகச் சண்டையின்போது பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்து இதைக் கற்றுக்கொண்டு வந்தேன். வந்து ஓசூர் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன், கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தை வாங்கி வீடு கட்டினேன். நிலம் என்று சொல்வதே அதிகம். மேற்கே ரோட்டோரம் பாறை, அங்கிருந்து கிழக்கே ஏரியைப் பார்த்து ஒடுக்கமாக இறங்கும் ஒரு துண்டு. ராகி விதைத்தால் முட்டிக்கு மேல் வளராது. ஆனால் பாறைமேல் கம்பம் நட்டால் சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் உயரம், அந்த ஆசைக்காகத்தான் வாங்கினேன். உங்கள் குரல் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்கிறது என்று கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கார்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்தேன். அவர்கள் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று கவலைப்பட்டதில்லை. சரியாகக் கேட்காவிட்டால் அவன் கருவி மட்டம் என்று சொல்லிவிடுவேன். பெங்களூரில் இருக்கும் நம் சிநேகிதர் ஸ்ரீகண்டய்யா, "சார், நீங்க ஓவர் சொல்றதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டு வந்துடலாம்" என்று கேலி செய்வார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நம் வீட்டுக்கு நேர் மேற்கே ரோட்டில் ஒரு மின்சார மாவு மில் வந்தது. அதன் மோட்டாரில் பறக்கும் பொறி நம் கண்ணுக்குத் தெரியாது, ரிசீவருக்குத் தெரியும். சட்டியில் கடுகு வெடிப்பது போல ஓயாத சத்தம். காட்டு வேலை முடிந்து பெண்கள் ராகியைத் தூக்கிக்கொண்டு வரும் சாயங்காலம்தான் மில்லுக்கு நல்ல வியாபாரம். பினாங்குக் குரல் கடல் தாண்டி வந்து சேருவதும் அந்த நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தப்பா என்று மில்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். ஓசூர் மைசூரோடு போகுமா மதராஸோடு இருக்குமா என்று நாலு பேரோடு வாதாடிக்கொண்டிருந்தவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க பையன் பேசறதுக்கு ஊரே களி இல்லாம படுக்கணுமா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை.

இனிப் புரட்டாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தை மகளை உனக்குக் கட்டுவதாக நான் என் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உன்னைக் கேட்டுக் கொடுத்த வாக்கு இல்லை. அந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. அவள் ஆனியில் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டாள், உன் அத்தையே உன்னை மன்னித்துவிட்டாள், நான் ஒருவன்தான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஸ்ரீகண்டய்யா, ஞாயிறு சாயங்காலம் பையன் பினாங்கிலிருந்து தன் கருவியில் உங்களைக் கூப்பிடுவான், கருவியைத் திறந்து வையுங்கள் என்று சொன்னார். உட்கார்ந்தேன். உன்னைக் கூப்பிட்டேன். மில் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி மில். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவிட்சைப் போட்டு ஸ்ரீகண்டய்யாவைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினேன். "கேட்டுக்குங்க ஸ்ரீகண்டய்யா. கூப்பிடறன்னு சொல்லிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கறான். அந்தப் பினாங்குக்காரங்க மாப்பிள்ளைய வெலைக்கு வாங்கறப்ப வாயையும் சேத்து வாங்கிட்டாங்க. மானம் இருக்கறவனா இருந்தா பெத்தவன்கிட்டப் பேசுவான்." இது தொடக்கம்தான். இன்னும் நிறைய பேசினேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதுதானே.

ஸ்ரீகண்டய்யா இரண்டு நாள் கழித்துப் பஸ் ஏறி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். ரேடியோவில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் வந்திருக்கிறார், அது எனக்குத் தெரியவில்லை. புது வால்வு ஏதாவது கொண்டு வந்திருக்கிறாரா என்று பையைப் பார்த்தேன். உன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "சார், தப்பா எடுத்துக்கப்படாது. அன்னிக்கு உங்க பையன் பேசினான். மொதல்லேர்ந்தே பேசிட்டுதான் இருந்தான். எனக்கு நல்லாக் கேட்டுது" என்றார். "அப்ப அங்கயே சொல்றதுக்கு என்ன?" என்று அவர்மேல் பாய்ந்தேன். "எங்க சார் விட்டீங்க? நான் கத்தறேன், அவன் கத்தறான், நீங்க சுவிட்சை எடுக்கவே இல்ல. முடிச்சப்பறமாவது சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவனே கேட்டுக்கிட்டான், அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க சார், தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு." அப்புறம் நீ என்ன கேட்டாய் என்று சொன்னார். தை மாதம் கல்யாணம், நீங்கள் வந்து முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும், வருவீர்களா அப்பா, ஓவர். சம்பந்தியிடம் இரண்டு வார்த்தை பேசவென்று உன் மாமனார் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் காத்திருந்தாராம், அவர் பெண்ணும் கூட இருந்தாளாம். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். உன் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நடந்தது. மாம்பழக் கூடைக்கு லக்கேஜ் சார்ஜ் போடுவதா என்று நான் கண்டக்டரோடு சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து "அப்பா, அப்பா" என்று இழுத்துக்கொண்டே இருந்தாய். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். வண்டி கிளம்பி, நான் கண்டக்டரை ஜெயித்து, சூளகிரி தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா வண்டியில் இல்லை. கூடையோடு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருக்கிறாள். இதை எத்தனையோ தடவை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், கதையில் கண்டக்டர்தான் முட்டாள். ஸ்ரீகண்டய்யா போன பிறகு அந்தக் குட்டு ஞாபகம் வந்து வெகுநேரம் அழுதேன்.

மறுநாளே கேட்கிற ஏரியல் வேலையைத் தொடங்கினேன். முதலில் உடைந்த கட்டிலின் சட்டத்தில் கம்பியைச் சுற்றி, மேஜைமேல் வைத்துத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒன்று செய்தேன். இதற்கு இடமே வேண்டாம். சட்டத்தின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கேட்கும், முகம் பார்க்கிற பக்கம் கேட்காது. மெல்லத் திருப்பினேன். ஒரு இடத்தில் மில் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் பினாங்குப் பக்கத்துக் குரல்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்த்தபோது புரிந்தது. மில் நேர் மேற்கே. நீ கிழக்கே. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. அந்தச் சட்டத்துக்கு முகம் இரண்டு, ஒரு பக்கம் அடைத்தால் எதிர்ப்பக்கமும் அடைத்துக்கொள்ளும். மில்லை ஒழித்த இடத்தில் உன்னையும் சேர்த்து ஒழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிற ஏரியல்.

அப்படி ஒன்று இருக்கிறது, நீயும் புத்தகத்தில் பார்த்திருப்பாய். நீளமான ஒற்றைக் கம்பி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கேட்க வேண்டிய திசையைப் பார்த்துப் போக வேண்டும். கடைசி முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து ஈர மண்ணோடு சேர்த்துவிட வேண்டும். பின்னாலிருந்து வருகிற மில் சத்தம் கம்பி வழியே ஓடி அந்த மண்ணில் போய் அடங்கிவிடும், முன்னாலிருந்து வருகிற உன் குரல் கம்பியோடு ஏறி வீட்டுக்கு வரும். ராகி விளையாத காய்ந்த மண்தான் இதற்கு நல்லது, ஏரிக்கரை ஈரம் கடைசி முனைக்கு நல்லது. எல்லாம் பொருத்தம், ஒன்றைத் தவிர. அரை நீளம் போவதற்குள் என் நிலம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஏரிவரை கெம்பம்மாவின் ராகிக் காடு. கெம்பம்மா யார் என்று உன் மாமனார் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கன்னடக்காரி, புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் வைக்கிறவள். அவள் ஆடுகள் என் வேலியை மேய்ந்தன என்று நான் அவற்றைச் சர்க்கார் பட்டியான பவுண்டில் அடைக்க வைத்தேன், அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவளிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்காமலே செய்தேன். அவள் சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ராகிப் பயிருக்கு நடுவே தரையோடு தரையாகக் கம்பியை ஓட்டிவிட்டு வந்தேன். உன்னை மதிக்காமல் பேசிய வெட்கம் ஆறுவதற்குள் இந்த வேலை. எனக்குப் புத்தி வந்த லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கெம்பம்மா கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் கன்றுக்குட்டியின் கால் அதில் மாட்டித் தோல் உரிந்திருந்தது. "ஏனு ரேடியோக்காரரே, ஆட்டப் புடிச்சு அடச்சது போதாதா? இப்ப என் கன்னுக்குச் சுருக்கா?" நான் ஏதோ சட்டம் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா முன்னால் வந்து, கன்றின் காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கிப் போய்விட்டாள். திரும்பி வந்து என்னிடம், "ஏனுங்க, ஊருக்கெல்லாம் பேசறீங்கல்ல. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னா?" என்றாள். அவள் புரட்டாசிக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

சாயங்காலம் போனேன். கெம்பம்மா உட்காரச் சொல்லவில்லை. எதற்குக் கம்பி என்று கேட்டாள். ஏதாவது பொய் சொல்லலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நீ கூப்பிட்டது, எனக்குக் கேட்காதது, நான் பேசியது எல்லாம். அவள் அவரைக்காய் பறிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "மகன் கூப்புட்டா உனக்குக் கேக்கல. என் ஆடு கத்தினது மட்டும் கேட்டுச்சா?" என்றாள். "தப்புதான்மா. ஆட்ட அடச்சதும் தப்பு, கேக்காம கம்பி இழுத்ததும் தப்பு" என்றேன். குத்தகையாக ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "துட்டு பேடா" என்று, வேண்டாமென்று கையை ஆட்டினாள். கம்பம் வரப்பில்தான் நட வேண்டும், பயிருக்குள் கூடாது. அறுப்புக்குப் பிறகு தாள் ஏற்றின வண்டி போகிற இடத்தில் கம்பியை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், "உன் மகன் பேசறப்ப என்னயும் கூப்புடு. சின்னப் பையனா என் கொய்யா மரத்துலதான கெடந்தான்." இதுதான் அவள் கேட்டது. நீ அவள் மரத்தில் கிடந்தது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

ஆட்கள் எல்லோரும் கிருஷ்ணகிரி அணை வேலைக்குப் போய்விட்டதால் குழிகளை நானே வெட்டினேன். என் பழைய புத்தி இங்கேயும் விடவில்லை. வீட்டுக் கூரையிலிருந்து ஏரிவரை கம்பியை மட்டமாக இழுத்துக் கட்டினேன், பார்ப்பதற்கு அழகாக இருக்குமென்று. மேடு இறங்க இறங்கக் கம்பி தரையை விட்டு எங்கேயோ உயரத்தில் நின்றது, கடைசியில் அதை மண்ணுக்கு இறக்கிய நெட்டைக் கம்பி ஊர்ச் சத்தத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. அவிழ்த்து, மேடு எப்படி இறங்குகிறதோ அப்படியே ஆள் உயரத்தில் இறக்கிக் கட்டினேன். செம்புக் கம்பி போதவில்லை. ஓசூரில் கிடைக்கவில்லை, ஸ்ரீகண்டய்யா தை பிறந்துதான் கிடைக்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். பாறைமேல் நிற்கிற உங்கள் பேசுகிற ஏரியல் இருக்கும்வரை அது மில் சத்தத்தைப் பிடித்து இந்தக் கம்பிக்குள் ஊற்றிக்கொண்டேதான் இருக்கும் என்றார். கம்பத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். அந்த ஏரியலை இறக்கினால் என்னால் யாரோடும் பேச முடியாது. உன் அம்மா, "கொஞ்ச நாளு வாயில்லாமத்தான் இருங்களேன், குடியா முழுகிடும்?" என்றாள். இறக்கினேன். ஏரியலும் அதற்கு வீட்டிலிருந்து போன இரட்டைக் கம்பியும் சேர்ந்து, ஒட்டுப்போட்டு இழுத்ததில் சரியாக ஏரிக்கரைவரை எட்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசீவரைத் திறந்தேன். உன் அம்மா பக்கத்தில், கெம்பம்மா வாசற்படியில். மில் ஓடிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகக் காதுக்குக் கேட்கிறது, ரிசீவரில் எங்கோ தூரத்தில் மணல் சரிகிற மாதிரி லேசாக இருக்கிறது, அவ்வளவுதான். முள்ளை மெதுவாக நகர்த்தினேன். லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொல்லி யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீதான். மூன்று முறை கூப்பிட்டாய், நிறுத்தினாய், மறுபடி கூப்பிட்டாய். அப்புறம் சாதாரணக் குரலில், "அப்பா, உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். ஞாயித்துக்கிழமைன்னா கூப்பிட்டுப் பாக்கறது பழக்கமாயிடுச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்பிடி இருக்கு? தை மாசம் எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சுப்பா. இங்க அவங்களுக்கு வருத்தம்தான், இருந்தாலும் நீங்க வந்தா சரியாயிடும்னு சொல்லிட்டு இருக்கேன். வருவீங்களா? ஓவர்" என்றாய்.

கை தானாகப் போய்ச் சுவிட்சைப் போட்டது. "வரேன்டா கண்ணு" என்று கத்தினேன். மீட்டரில் முள் அசையவில்லை. எப்படி அசையும், என் ஏரியல்தான் கெம்பம்மா வரப்பில் தொங்குகிறதே. சுவிட்சை எடுத்தேன். உன் அம்மா ஸ்பீக்கரில் கையை வைத்து, "வலி பரவால்ல சாமி, நல்லா இருக்கறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கெம்பம்மா என்னைப் பார்த்து, "பையன் கேக்கறானே, பதில் சொல்லு" என்றாள். எப்படிச் சொல்வேன்? நீ காத்திருந்தாய். நீ மறுபடி சுவிட்சைப் போட்டதுகூட எனக்குக் கேட்டது, உன் பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மூடிவிட்டாய். புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் கூப்பிட்டு, காத்திருந்து, "சரிப்பா" சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் அம்மா அன்றைக்கு அழுதது போல உன்னைக் கப்பலேற்றிய நாளில்கூட அழவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். முதலில் ஏரியல். புது வீட்டுக்குப் போனதும் எதையும் நட்டுவிடாதே. சில சாயங்காலம் சும்மா உட்கார்ந்து, இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நீ கேட்க வேண்டியவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார். இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் மேஜைமேல் வைக்கிற சட்டமே போதும், இடத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரே கோட்டில் இருந்தால் நீளக் கம்பிதான். அதைச் சரிவோடு சேர்த்து இறக்கு, மட்டமாக இழுத்து அழகு பார்க்காதே. அடுத்தவர் இடத்தில் போக வேண்டுமென்றால் போய்க் கேள், எதற்கு என்று மறைக்காமல் சொல். உன் வீட்டுக்காரி துணி உலர்த்துகிற இடத்தில் அவளைக் கேட்காமல் கம்பி கட்டாதே. நான் இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பியையும் உன் அம்மாவைக் கேட்டுக் கட்டியதில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் அவள் இவ்வளவு காலம் நடமாடியதே பெரிது.

உன் மாமனாருக்கு. ஐயா, நீங்கள் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. என் மகன் வாய் திறந்துதான் இருந்தது, அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு என்னோடு பேச வந்த மனுஷனை நான் பேசக்கூடாததைப் பேசினேன். உங்கள் பெண்ணும் அதைக் கேட்டாள் என்று நினைக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன், ஆனால் மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில், வருகிறேன். அம்மாவும் வருகிறாள். நாகப்பட்டினத்தில் கப்பல் விசாரித்துவிட்டேன், உன் மாமனார் வார்த்தை கிடைத்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன். கடிதமாக எழுத வேண்டாம். இது கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் போல என்னைக் கூப்பிடு. மாமனாரையும் பக்கத்தில் உட்கார வை. வரலாம் என்றாலும் சொல்லட்டும், வரவேண்டாம் என்றாலும் சொல்லட்டும், எனக்குத் தர வேண்டிய நாலு வார்த்தையையும் சேர்த்தே தரட்டும். ஸ்ரீகண்டய்யாவும் மற்றவர்களும் அன்றைக்கு என்னைக் கேட்டார்கள், இதையும் கேட்கட்டும். பாறைமேல் கம்பம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, அன்றைக்கும் அப்படியே நிற்கும். என்னால் குறுக்கே பேச முடியாது. கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்பேன்.

ஓவர்.